நாற்காலியும் சாவியும்

மனிதர் அனைவரும் நிகர் என்றால், அவர்களுள் ஒருவர் தலைவர் ஆவது எவ்வாறு? ஒருவர் தலைவர் என்றால், ஏனையோர் அவருக்கு நிகர் ஆவது எவ்வாறு?

சமன்மையை விரும்புவோர் எவரும் ஒருநாள் இந்தக் கேள்வியின் முன் நின்றே ஆகவேண்டும். ஆண்டானும் வேண்டா, அடிமையும் வேண்டா என்று கூறி ஒன்றுகூடுகிறோம். மன்றம் அமைக்கிறோம், படிப்பகம் திறக்கிறோம், மகளிர் குழு தொடங்குகிறோம். பாயை விரித்து வட்டமாக அமர்கிறோம். மேடை இல்லை, மேலிடம் இல்லை, மாலை இல்லை, மரியாதை வரிசை இல்லை. மகிழ்ச்சிதான்! ஆனால், மூன்றாவது கூட்டத்திலேயே கேள்வி எழுந்துவிடுகிறது. வங்கிக்குப் போவது யார்? அலுவலகத்தில் மனுக் கொடுப்பது யார்? இருவர் முறைத்துக்கொண்டால் நடுநின்று பேசுவது யார்? யாரோ ஒருவர் எழுகிறார். எழுந்தவர் பிறகு அமர்வதே இல்லை! தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இத்தொல்லைக்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. இரண்டும் எளியவை. எளிய விடைகளை ஐயுறவோடு நோக்குவது அறிவுடையோர் கடன்.

முதல் விடை, பழமை விரும்பிகள் தருவது. “தலையில்லாத உடல் உண்டா? தளபதி இல்லாத படை உண்டா? எல்லோரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார்?” என்று கேட்டுவிட்டு, வென்றுவிட்டதாகப் புன்முறுவல் பூப்பர்.

உவமை அழகானது. அழகான உவமைகள் இந்த நாட்டிலே செய்த கேடு கொஞ்சமா? முகத்திலே பிறந்தவன், தோளிலே பிறந்தவன், தொடையிலே பிறந்தவன், காலிலே பிறந்தவன் என்று மக்களை நான்காக வகுத்ததும் ஓர் உடல் உவமைதானே! உடலிலே கால் ஒருநாளும் தலை ஆகாது. ஆனால், பாயின் ஓரத்தில் வாய்திறவாமல் அமர்ந்திருக்கும் பெண், கற்பித்தால், வாய்ப்புக் கொடுத்தால், நாளைக்கு அதே கூட்டத்தைத் தலைமையேற்று நடத்துவாள். உறுப்புகள் இடம் மாறா. மனிதர் இடம் மாறுவர். இந்த ஒரு வேறுபாடு போதும், அந்த உவமை உடைந்து நொறுங்க. பல்லக்குக்கும் விடை உண்டு. பல்லக்கே வேண்டா, எல்லோரும் நடப்போம்!

இரண்டாம் விடை, ஆர்வம் மிக்க இளைஞர் தருவது. “தலைவர் என்ற சொல் பிறந்த அன்றே தொண்டன் என்ற சொல்லும் பிறந்துவிட்டது. ஆகவே, தலைமையே வேண்டா. எல்லோரும் கூடிப் பேசி, எல்லோரும் ஒப்பியதைச் செய்வோம்” என்பர் அவர்.

கேட்க இனிக்கிறது. அந்த உள்ளத்தைப் பழிப்பவன் அல்லன் நான். ஆனால், ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டால், அதில் அமர்ந்திருந்த ஆதிக்கமும் எழுந்து போய்விடுமா?

ஊர்க்கூட்டத்தைப் பாருங்கள். ஆலமரத்தடி. அங்கே தலைவர் நாற்காலி இல்லை. வாக்குப் பெட்டி இல்லை. முடிவு ‘ஒருமனதாக’ எடுக்கப்படுகிறது. ஆனால், முதலில் வாய் திறந்தவர் யார்? திண்டில் அமர்ந்தவர் யார், தரையில் அமர்ந்தவர் யார், தொலைவில் கைகட்டி நின்றவர் யார்? வரவே வராத பெண்கள் எத்தனை பேர்? இவற்றை எந்தத் தீர்மானப் புத்தகமும் எழுதிவைப்பதில்லை. நிலமும் சாதியும் வயதும் அங்கே நாற்காலி இல்லாமலே அமர்ந்திருக்கின்றன.

1946-ஆம் ஆண்டில் காந்தியார், தாம் விரும்பிய ஊராட்சிகளைக் கோபுரமாக அன்றி, ஒன்றைச் சூழ்ந்து ஒன்றாக விரியும் கடல் வட்டங்களாக உருவகித்தார். உச்சியைத் தாங்குவதற்காக அடியில் உள்ளோர் நசுங்கலாகாது என்பது அவர் கருத்து. அவர் நெறியைப் போற்றியோர் நம் திண்டுக்கல் பகுதியிலேயே, சின்னாளபட்டிக்கு அருகில், 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினர். மறு ஆண்டே, 1948 நவம்பர் 4 அன்று, அரசியல் நிர்ணய சபையில் எழுந்த அம்பேத்கர், சிற்றூர்களைக் குடியரசுகள் எனப் போற்றும் போக்கை மறுத்துரைத்தார். குறுகிய பற்றும் அறியாமையும் வகுப்புணர்வும் குடிகொண்ட இடமாகவே ஊரை அவர் கண்டார்.

ஒருவர், ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று கண்டார். மற்றவர், ஊர் எப்படி இருக்கிறது என்று கண்டார். சேரியிலிருந்து பார்த்தவருக்குத்தானே தெரியும், வட்டத்துக்கும் வெளியே ஒரு வட்டம் உண்டு என்பது!

அவர் கண்டதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டா. 1992-இன் அரசியல் சட்டத் திருத்தத்தை ஒட்டித் தமிழ்நாட்டில் 1994-இல் ஊராட்சிச் சட்டம் வந்தது. 1996-இல் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலைவர் பதவி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் அங்கே தேர்தல் முறையாக நடக்க முடியவில்லை. வேட்பாளர் இருந்தால் வாக்காளர் இல்லை. வென்றவர் இருந்தாலோ அவர் விரைவில் விலக நேர்ந்தது. 2006 அக்டோபரில்தான் நிலைமை மாறியது.

அந்தப் பத்தாண்டும் தேர்தலைத் தடுத்த தலைவர் யார்? பெயர் சொல்ல எவரும் இல்லை. “ஊர் முடிவு” என்றார்கள்! யார் அந்த ஊர்? அவருக்கு முகம் இல்லை, முகவரி இல்லை. அவரைத் தேர்தலில் தோற்கடிக்க முடியாது. அவரிடம் கணக்குக் கேட்க முடியாது. அவரை நீக்கவும் முடியாது. நாற்காலியில் அமர்ந்த கொடியவனையாவது ஒருநாள் இறக்கிவிடலாம். நாற்காலியே இல்லாதவனை எங்கிருந்து இறக்குவது?

மேலூருக்கு அருகில் உள்ள மேலவளவில், அப்படி ஒதுக்கப்பட்ட நாற்காலியில் அமரத் துணிந்தார் ஊராட்சித் தலைவர் முருகேசன். 1997 சூன் 30 அன்று, பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், அவரும் அவருடன் வந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். ‘நாற்காலி வெறும் மரந்தானே, அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்று கேட்போர், மேலவளவுக்குப் போய்க் கேட்கட்டும்!

கடல் கடந்தும் இதே பாடந்தான். அமெரிக்கப் பெண்ணுரிமை இயக்கத்தில் உழைத்த ஜோ ஃபிரீமன், 1970-ஆம் ஆண்டில் தம் தோழியர்க்கு ஒன்றை எடுத்துரைத்தார். ‘எங்களுக்குள் தலைமையே இல்லை’ என்று பெருமை பேசிய குழுக்களில், நட்பால் பிணைந்த ஒரு சிலர், எவரும் தேர்ந்தெடுக்காமலே, எவருக்கும் விடை கூறாமலே ஆண்டுகொண்டிருந்ததை அவர் கண்டார். விதி எழுதப்படாத இடத்தில் விதி இல்லாமல் போவதில்லை. அது சிலருக்கு மட்டும் தெரிந்த விதியாகிவிடுகிறது.

ஆகவே, நாற்காலி வேண்டும். எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, நடுமன்றத்தில் அது இருக்க வேண்டும். ஆனால், அதில் அமர்பவர் அதோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வழி என்ன?

* * *

வழி நம் மண்ணிலேயே உண்டு என்பர் பழம்பெருமை பேசுவோர். உத்திரமேரூரைக் காட்டுவர். காட்டத் தகுந்த சான்றுதான், மறுப்பதற்கில்லை. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. விவரம் அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பொறுப்பு 360 நாள் மட்டுமே. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் வரலாகாது. அவருடைய உறவினரும் வரலாகாது!

எண்ண எண்ண வியப்பளிக்கும் ஏற்பாடு. பதவிக்குக் காலவரை உண்டு, இடைவெளி உண்டு, கணக்கு உண்டு, உறவுக்கு வேலி உண்டு. பொறுப்பைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் கலையை ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே கல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆனால், தோழர்களே, குடத்துக்குள் போன ஓலைகளை மட்டும் பார்த்தால் போதுமா? குடத்துக்குள் போக முடியாத ஓலைகளையும் எண்ண வேண்டாவா? கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். மறையோதிய கல்வி வேண்டும். அது பார்ப்பனர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. ஏரியை வெட்டியவன் பெயர் ஏரி வாரியத்து ஓலையில் இல்லை. அவ்வூர்ப் பெண்களின் பெயரும் இல்லை. மேலோர் தமக்குள் மட்டும் மேல்கீழ் பாராமல் வாழ்ந்தார்கள், அவ்வளவே.

நமக்கு மட்டும் உரிய குறை அன்று இது. பழைய ஏதென்சு நகரம் குலுக்கல் முறையில் பதவிகளைப் பகிர்ந்தது. அடிமைக்கும் பெண்ணுக்கும் அந்தக் குலுக்கலில் இடமில்லை. சுவிட்சர்லாந்தில் எழுவர் கூடி ஆள்கின்றனர். அவ்வெழுவருள் தலைவர் பதவி ஆண்டுதோறும் கைமாறுகிறது. தலைமையைச் சுழலவிட்டதில் உலகுக்கே எடுத்துக்காட்டு! ஆனால், அந்த நாட்டுப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை பெற 1971 வரை காத்திருக்க நேர்ந்தது. நாற்காலி சுழன்றது, வட்டம் விரியவில்லை.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத் தக்கது என்ன? முறையைக் கற்போம், வேலியை இடிப்போம். சுழற்சி வேண்டும், ஆனால், சுழலும் வட்டத்துக்குள் அனைவரும் இருக்க வேண்டும்.

* * *

அப்படி ஒரு வட்டம் இன்று நம்மிடையே இருக்கிறதா? இருக்கிறது. கீரனூர் போன்ற சிறு பேரூரின் தெருக்களிலும் அதைக் காணலாம். மகளிர் சுய உதவிக் குழுவைத்தான் சொல்கிறேன். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் அரும்பி, பின்னர் தமிழ்நாடெங்கும் படர்ந்த அமைப்பு இது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள். கூடுவது ஒரு வீட்டுத் திண்ணை. சிறுகச் சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து, வட்டிக்கடைக்காரன் வாசலை மிதிக்காமல் வாழ வழி காணுகின்றனர். பரம்பரைத் தலைமை இல்லை. ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். பொறுப்பு முறைவைத்து மாறுதல் நலம் என்பது அவர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம்.

பாடம் அப்படி. நடப்பு? பல குழுக்களில் தொடங்கிய நாளில் ஊக்குநரானவரே பத்தாண்டுக்குப் பின்னும் ஊக்குநர். அவர் கொடியவரா? இல்லை. கையாடினாரா? இல்லை. பெரும்பாலும் நல்லவர், அயராது உழைப்பவர், சொந்த வேலையை விட்டுவிட்டு வங்கியில் கால்கடுக்க நிற்பவர். பின் ஏன் மாறவில்லை? மற்றவர்களைக் கேட்டால் ஒரே விடைதான் வரும்: “எங்களுக்கு என்ன தெரியும்? எல்லாம் அக்கா பார்த்துக்கொள்ளும்.”

இந்த ஒரு தொடரில்தான் இருக்கிறது நம் கேள்வியின் உயிர்முடிச்சு. தீர்மானப் புத்தகம் எழுத அக்காவுக்குத்தான் தெரியும். உள்கடன் வட்டியைக் கணக்கிட அக்காவுக்குத்தான் தெரியும். வங்கி மேலாளரிடம் எப்படிப் பேசுவது, எந்தத் தாளில் கையெழுத்திடலாம், எதில் இடக்கூடாது என்பதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும். பாய் ஒன்றுதான், எல்லோரும் அமர்ந்திருப்பதும் சமமாகத்தான். ஆனால், அறிவு ஓரிடத்தில் குவிந்துகிடக்கிறது. அறிவு குவிந்த இடத்தில் அதிகாரம் தானே வந்து அமர்ந்துகொள்ளும், அழைப்புக்கூட வேண்டியதில்லை.

திண்டுக்கல் பூட்டின் உறுதியை நாடறியும். ஆனால், எவ்வளவு உறுதியான பூட்டானாலும், அதன் சாவி என்றென்றும் ஒருவர் இடுப்பிலேயே தொங்குமானால், உள்ளே இருப்பது பொதுப்பணம் என்று சொல்வதில் பொருள் உண்டோ? நாற்காலியை முறைவைத்து மாற்றினோம் என்று மகிழ்வதில் பயனில்லை. மாற்ற வேண்டியது சாவியை!

சாவியைத் தராமல் நாற்காலியை மட்டும் தந்தால் நேரும் கேலிக்கூத்தையும் கண்டிருக்கிறோம். உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. போற்றத்தக்க சட்டம். அதன் பயனாகத் திறம்பட ஆளும் தலைவியரும் தோன்றினர். ஆனால், தலைவி பெயருக்கு அமர, அருகில் நின்று கணவர் ஆளும் ஊர்களும் உண்டு. அவளுடைய பெயர் பலகையில். முத்திரை கணவன் பையில். குற்றம் சட்டத்தின்மீது அன்று. கோப்பைப் படிக்கவும், கேள்வி கேட்கவும், ‘இல்லை’ என்று சொல்லவும் அவளுக்கு நாம் கற்பிக்கவில்லை. அவன் விலகி நிற்க வேண்டும் என்பதை அவனுக்கும் கற்பிக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். “திறமை அனைவர்க்கும் ஒன்றா? பட்டறிவு மிக்கவரை நீக்கிவிட்டுப் புதியவரை அமர்த்தினால் பணி கெடாதா? வெள்ளம் வந்து கரை உடையும்போது கூட்டம் கூட்டி வாக்கெடுப்பதா?” என்பர். ஞாயமான மறுப்பு. இதற்கு விடையைப் புத்தகத்தில் தேடுவதைவிட ஏரிக்கரையில் தேடலாம்.

தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்றொருவர் உண்டு. நீர்பாய்ச்சி என்றும் சில ஊர்களில் அழைப்பர். மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை அவரே பார்த்துப் பாய்ச்சுவார். நீர் சுருங்கிய காலத்தில், பெருநிலக்காரரும் தம் கையால் மடையைத் தொடலாகாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இருந்தது. அவர் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். அந்த ஆயக்கட்டில் தமக்கென நிலம் இல்லாதவர். நிலம் இல்லாததே அவருடைய நடுநிலைக்குக் காப்பு! அறுவடையில் ஊர் அளக்கும் நெல் அவருக்குக் கூலி.

பாருங்கள், எத்தகைய தலைமை இது! பட்டறிவு போற்றப்பட்டது. விரைந்து முடிவெடுக்கும் உரிமை தரப்பட்டது. ஆனால், உரிமை மடைக்கு மட்டுமே. மடையைத் தாண்டினால் அவரும் ஊரில் ஒருவர். வேலைக்கு ஏற்ற அதிகாரம், வேலை உள்ளவரை அதிகாரம், எல்லோர் கண்முன்னும் செலுத்தும் அதிகாரம்! வெள்ளக் காலத்துக்கு ஒருவரைத் தலைவராக்குங்கள், தடையில்லை. வெள்ளம் வடிந்த மறுநாள் அவர் கணக்கோடு வந்து பாயில் அமரட்டும்.

ஆனால், இதிலும் ஒரு கறை உண்டு, மறைக்கலாகாது. மடையில் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்களே, தெருவில் அவரைத் தள்ளி நிறுத்தினார்கள். அவருடைய அறிவைக் கொண்டார்கள். அவருக்கு மதிப்பைத் தரவில்லை. பொறுப்பு மட்டும் கீழே இறங்கி வந்து, மதிப்பு மேலேயே தங்கிவிடுமானால், அதற்குப் பகிர்வு என்று பெயரில்லை. சுமைகூலி என்று பெயர்.

* * *

தலைவர்களை மட்டும் குறைகூறிப் பயன் என்ன? தலைமை தடித்துப்போவதற்குத் தலைவரின் ஆசை பாதி காரணம் என்றால், தொண்டரின் சோம்பல் மறுபாதி. “அவர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உறங்குவது எவ்வளவு எளிது! மாலை போடுவதும் ஒருவகைச் சோம்பலே. கழுத்தில் மாலை விழும்போதெல்லாம் தோளில் நம் சுமையும் சேர்ந்து விழுகிறது. சுமையை முழுவதும் ஏற்றிவிட்டு, பிறகு ‘ஆட்சி செய்கிறாரே’ என்று அலுத்துக்கொள்வதில் அறம் இல்லை.

கணக்குக் கேட்கும் துணிவும் நம்மிடம் குறைவு. நம் ஊர்களில், “கணக்கைக் காட்டுங்கள்” என்றால் “என்னை நம்பவில்லையா?” என்ற மறுகேள்வி உடனே பிறக்கும். கேட்டவர் தலைகுனிவார், கூட்டம் அவரை முறைக்கும், புத்தகம் மூடியே கிடக்கும். கணக்குக் கேட்பது பகைமை அன்று. மாணவன் “ஏன்?” என்று கேட்டால் சினக்கின்ற ஆசிரியர், தம் பாடத்தைத் தாமே நம்பாதவர். அதுபோலத்தான் இதுவும். நேர்மையான தலைவர், கேட்பதற்கு முன்பே புத்தகத்தை விரித்து நடுவில் வைப்பார். நம்பிக்கை இருக்கிறது, ஆதலால் அஞ்சாமல் கேட்கிறோம். இந்தப் பண்பு வேரூன்றிய மன்றத்தில் ஐயத்துக்கு இடமிராது.

தலைமை நல்லதா அல்லதா என்று அறிய ஓர் உரைகல் உண்டு. அவர் இருக்கும்போது கூட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டா. அவர் வராத நாளில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஆசிரியப் பணியில் உள்ளோர் இதை நன்கு அறிவர். ஆசிரியர் இருக்கையில் அமைதியாகவும், வெளியே சென்றதும் சந்தையாகவும் மாறும் வகுப்பில் நடந்தது கல்வி அன்று, காவல். வகுப்புத் தலைமையை வாரத்துக்கு ஒருவராக மாற்றிப் பாருங்கள். வருகைப் பதிவைத் தடுமாறித் தடுமாறிப் படிக்கும் பிள்ளை, நான்காம் நாளில் நிமிர்ந்து நிற்பதைக் காண்பீர்கள். முதல் நாள் வேலை சற்றே கெட்டதுதான். ஆனால், ஒரு மனிதர் உருவானாரே! அந்த இழப்பை இழப்பென்று எழுதும் பேரேடு, எண்களை மட்டும் அறிந்த பேரேடு.

ஆகவே, தலைமை வேண்டுமா, பகிர்வு வேண்டுமா என்று இரண்டில் ஒன்றைக் கேட்பதே பிழை. தலைமையின் வேலையே பகிர்வதுதான். தமக்குப் பின் ஒருவரை உருவாக்குவது போதாது; தம்மைச் சுற்றிப் பலரை உருவாக்க வேண்டும். தமக்குத் தெரிந்ததை நாள்தோறும் பிறர்க்குக் கற்பித்து, தம் தேவையை நாள்தோறும் குறைத்துக்கொள்பவரே சமன்மைச் சமுதாயத்தின் தலைவர். ‘நான் இல்லாவிட்டால் இது என்ன ஆகுமோ!’ என்று ஒரு தலைவர் பெருமையோடு சொன்னால், அவர் தம் தோல்வியைத் தாமே பறைசாற்றுகிறார் என்று கொள்க.

இது பெரிய மேடைகளிலிருந்து தொடங்காது. அடுத்த வாரம் கூடும் குழுவில், அக்கா தம் மடியிலிருக்கும் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, இதுவரை ஒரு வரியும் எழுதாத தங்கையின் மடியில் வைக்கட்டும். எழுதுகோலையும் கொடுத்து, அருகில் அமர்ந்து, பொறுமையோடு பார்த்திருக்கட்டும். தங்கையின் எழுத்துக் கோணலாக இருக்கும், இருக்கட்டும். கூட்டல் ஒருமுறை தவறும், தவறட்டும். எல்லோருமாகச் சேர்ந்து திருத்துவார்கள். அந்தக் கோணல் எழுத்தில் உருவாவதுதான் குடியாட்சி!